பெண்ணோட அப்பா

என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் வெளியூர் வேலையில் இருப்பதால், மகள் கல்யாணத்துக்குப் படம் எடுப்பவரைப் பேச நானே போனேன். "நாலு நல்ல படத்தைக் காட்டி ஏமாத்திடுவாங்க, ஒரு கல்யாணத்தோட முழு ஆல்பத்தையும் கேளும்மா" என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். கேட்டேன், கொடுத்தார்.

அதில் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் உங்களைப் போலவே ஒருவர். கேமராவைக் கண்டால் உங்களுக்குக் கழுத்து சாயுமே, அதே சாய்வு. ஆனால் பல் தெரியச் சிரிக்கிறார். நம் கல்யாணப் படத்தில் நீங்கள் கசப்பு மருந்து குடித்தவர் மாதிரி அல்லவா இருப்பீர்கள்? அதனால்தான் குழம்பிவிட்டேன்.

"இவர் யாருங்க?"

"பொண்ணோட அப்பா. வெளியூர்ல வேலையாம். தங்கமான மனுஷன்."

"எங்க வீட்லயும் ஒரு தங்கம் வெளியூர்லதான் இருக்கு" என்று சிரித்து வைத்தேன். திரும்பும்போது நம் தெருவைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஒரே அச்சில் இரண்டு பேர் இருக்கக் கூடாதா என்ன? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஒருமுறை படம் எடுத்த முகத்தை அந்தப் படக்காரர் மறக்கவே மாட்டாராம். அவரையே பேசி முடித்துவிட்டேன். முதல் நாளே வந்துவிடுங்கள். வாசலில் உங்களைப் பார்த்து, "சார் யாரு?" என்று அவர் என்னைக் கேட்டுவிட்டால் போதும். "பொண்ணோட அப்பா" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்கச் சொல்லுவேன்.

உங்கள் வாயாடி