ஐந்தாவது புட்டி

அலமாரியைத் துடைக்கும்போது அந்த மருந்துப் புட்டி கையில் தட்டுப்பட்டது. தக்கையைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. நீயாக இருந்தால் அரைப் பக்கம் எழுதியிருப்பாய். பாதிப் புட்டித் தண்ணீர் இன்னும் இருக்கிறது. அதைப் பற்றி உன்னிடம் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை; இப்போது நீ எதிர்த்துப் பேச முடியாது என்பதால் எழுதுகிறேன்.

எல்லாம் புதுக்கோட்டையில் அந்தப் பத்திரிகாசிரியரால் வந்த வினை. யுத்த காலம், காகிதமே கிடைக்கவில்லை. அப்படியும் மனிதர் நம் இருவரையும் பேட்டிக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, கதை எழுதுவதைத் தவிர உங்களுக்கு வேறு எதில் ஈடுபாடு என்று கேட்டார். நான் கூச்சமில்லாமல், நட்சத்திரங்களைக் கவனிப்பதில் என்றேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். என் வீட்டு உத்தரத்தில் குளவி கூடு கட்டி மூன்று மாதமாகியும் நிமிர்ந்து பார்க்காதவன் நான் என்பது உனக்குத் தெரியும்.

நீ மட்டும் உண்மையைச் சொல்லித் தொலைத்தாய். உனக்குத் தண்ணீர்ப் பைத்தியம். விராலிமலைக்குப் போய் மலையேறாமல், அடிவாரத்துக் கிணற்றில் ஒரு செம்பு குடித்துவிட்டுத் திரும்பி வந்த ஆள் நீ. ஒவ்வொரு ஊருணிக்கும் ஒவ்வொரு ருசி என்று ஒரு மணி நேரம் பேசினாய். ஆசிரியர் கொட்டாவி விடுவதைப் பார்த்ததும் உனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கண்ணக் கட்டி விடுங்க. எந்த ஊரு தண்ணின்னு சொல்லிடுறேன். தப்பாச் சொன்னா இனிமே பேனாவத் தொட மாட்டேன்" என்றாய்.

ஆசிரியரின் கொட்டாவி நின்றுவிட்டது. அந்த ஒரு வரியைக் கொட்டை எழுத்தில் போட்டு, திருமயம் வாசகசாலையில் பந்தயத்துக்கும் நாள் குறித்துவிட்டார். ஐந்து ஊர், ஐந்து புட்டி; ஊர்ப் பெயர்களை முன்பே அறிவித்தாகிவிட்டது, எந்தப் புட்டி எந்த ஊர் என்று நீ சொல்ல வேண்டும். தண்ணீர் பிடித்து வரும் பொறுப்பு எனக்கு. நட்சத்திரம் பார்க்கிறவர் பொய் சொல்ல மாட்டாராம்.

நாலு புட்டி ஒழுங்காக வந்து சேர்ந்தன. ஐந்தாவது, மணமேல்குடி. கடலோரத்து மணற்கிணற்றில் நானே இறைத்து நிரப்பினேன். திரும்பி வரும்போது பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் ஓடிய அந்தக் கரி பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது. தக்கை எங்கோ பறந்தது, தண்ணீர் முழுவதும் பக்கத்து அம்மாளின் கருவாட்டுக் கூடைக்குள் போனது. அவள் என்னைத் திட்டியதை எழுதினால் எந்தப் பத்திரிகையும் போடாது. கரி கிளற வண்டி நின்றபோது, டிரைவர் வைத்திருந்த தகர டின்னிலிருந்து புட்டியை நிரப்பிக்கொண்டேன். யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். உனக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதானே பந்தயம். அது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை.

வாசகசாலையில் உட்கார இடமில்லை. உன் கண்ணில் துண்டைக் கட்டினார்கள். நாலு புட்டியையும் நீ ஒவ்வொரு வாயிலேயே சொல்லிவிட்டாய். ஐந்தாவதைக் குடித்தாய். முகம் சுருங்கியது. இன்னொரு வாய் குடித்தாய். ஆசிரியர் கையிலிருந்த சீட்டில் மணமேல்குடி என்று என் கையெழுத்திலேயே இருந்தது. நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் பேனா போகப் போகிறது என்று தெரிந்தும் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, இப்போதும்.

நீ துண்டைக் கொஞ்சம் தூக்கி, நான் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாய். பிறகு "மணமேல்குடி" என்றாய். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

கோட்டைக்குக் கீழே நடந்து வீடு திரும்பும்போதுதான் கேட்டாய், "எங்க கொட்டுனப்பா?" என்று. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மணமேல்குடித் தண்ணீரில் இனிப்புக்கு அடியில் துளி உப்பு இருக்கும், இதில் துருவும் கரியும்தான் இருந்தன என்றாய். கோபித்துக்கொள்வாய் என்று காத்திருந்தேன்.

"நாலு நெசத்தச் சொன்னேன், சும்மா ஒக்காந்திருந்தாங்ஙே. ஒரு பொய்யச் சொன்னதும் எந்திரிச்சு நின்னு தட்டுறாங்ஙே. இனிமே எவன் சொன்னாலும் கதை எழுதறத விட மாட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாய்.

சிரித்தாயே தவிர விட்டாயா? அதற்கப்புறம் என் வீட்டில் எதைக் குடித்தாலும், டிரைவர் சௌக்கியமா என்று கேட்டாய். என் சம்சாரத்துக்கு இன்றுவரை யார் அந்த டிரைவர் என்று தெரியாது.

நீ படுத்த படுக்கையானபோது உன் சம்சாரம் என்னை வாசலிலேயே நிறுத்தி, "கஞ்சிக்கும் கசாயத்துக்கும் வித்தியாசம் தெரியலண்ணே. நாக்குச் செத்துப்போச்சு. அத அவுக ஒத்துக்க மாட்டேங்கிறாக" என்று அழுதாள். உள்ளே நீ என்னவென்றால், அந்த ஐந்தாவது புட்டி இன்னும் வந்து சேரவில்லையே என்று என்னைக் கேலி செய்தாய்.

மறுநாளே மணமேல்குடிக்குப் போனேன். அதே மணற்கிணறு. திரும்பும் வழி நெடுக, புட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்து, தக்கையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். இறங்கும்போது விரல் மடங்கவில்லை.

ஒரு வாய் ஊற்றினேன். அதே பழைய தோரணையில் கண்ணை மூடி, வாயில் உருட்டி, வெகுநேரம் கழித்து விழுங்கினாய்.

"இது மணமேல்குடி இல்ல. இந்தத் தடவையும் கொட்டிட்டியா?"

உன் சம்சாரம் என்னைப் பார்த்தாள்.

"ஆமாப்பா. வண்டி குழியில எறங்கிருச்சு" என்றேன்.

உன் முகத்தில் வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது? "பாத்தியா? நாக்கு செத்துப்போச்சுன்னியே" என்று அவளிடம் சொன்னாய். அன்று முழுக்க என்னை வைத்துச் சிரித்தாய். எட்டாம் நாள் போய்விட்டாய்.

மீதித் தண்ணீரை அன்றிலிருந்து வைத்திருக்கிறேன், கொட்ட மனசில்லை. இனி உன் பேனாவுக்கும் ஆபத்தில்லை, நாக்குக்கும் ஆபத்தில்லை, அதனால் சொல்கிறேன். வழியில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லையப்பா. அது மணமேல்குடித் தண்ணீர்தான்.