பூக் கேட்டுப் போகாமல் விட்ட முகாம்

தங்கச்சி,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்பவே சொன்னேன். மார்பகப் பரிசோதனை பஸ் மறுபடியும் பழங்காநத்தத்துக்கு வரும், நம்ம பந்தல் கடைச் சேரைத்தான் கேட்பார்கள், நாற்பதைத் தொட்ட உன் மகள் மலர் முகாமுக்குக் கூப்பிட்ட சீட்டோடு என் முன்னால் வந்து நிற்பாள் என்று புட்டுப் புட்டு வைத்தேன். கேட்கத்தான் நீ இல்லை.

இன்று காலை மண்டபத்தில் இருநூறு சேர் போட்டேன். ஐந்நூறு என்றே வைத்துக்கொள். பெண்கள் ரவிக்கை மாற்ற மறைப்பு கட்டச் சொன்னார்கள். பச்சைத் துணியை இழுத்துக் கட்டும்போது உள்ளேயிருந்து ஸ்பிரிட் வாடை வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. துணிக்கு அந்தப் பக்கம் நீ செருமுகிற மாதிரி இருந்தது. "அண்ணே, போயிராத, அங்கனயே நில்லு" என்று முதல் தடவை படம் எடுக்க உள்ளே போனபோது சொன்னாயே, அந்தக் குரல். பொம்பளைகள் இடம், எட்டிப் பார்க்க முடியாது. நின்றேன்.

முதல் முகாமுக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனவனே நான்தான். "நாப்பதைத் தாண்டுன பொம்பளைக அம்புட்டுப் பேரும் எடுக்கணும், டாக்டர்ட்டயே பேசிட்டேன்" என்று தெரு முழுக்க முழங்கினேன். பேசியது பஸ் டிரைவரிடம். எட்டாங்கிளாஸ் படிப்புக்கு அதுவே அதிகம். நீ மிஷினில் படம் எடுத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி வந்தாய்.

"செக்குல போட்டு ஆட்டுன மாதிரி இருக்குண்ணே. ஒன்னய ஒருவாட்டி உள்ள விடணும்."

சிரித்தோம். மூன்றாம் நாள் போன் வந்தது. படத்தில் ஒரு நிழல் தெரிகிறதாம், ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கணுமாம். முடிவு வரப் பன்னிரண்டு நாள். அத்தனை நாளும் சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்தாய். பீரோச் சாவியை மலரிடம் கொடுத்து, எந்தச் சேலை யாருக்கு என்று சொன்னாய். "என் தங்கச்சிக்கு ஒண்ணும் இருக்காது, சாதகம் பாத்துட்டேன்" என்று வெளியே அளந்துவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கடைசியில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் நீ பழையபடி ஆகவில்லை. குளிக்கப் போனால் வெளியே வரமாட்டாய். "இங்க வாடி, இது தட்டுப்படுதா பாரு" என்று மலரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாய்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் சீட்டு வந்தது. "போகவாண்ணே, வேணாமா?" என்றாய். உன் வீட்டுக்காரர் போன பிறகு எதுவானாலும் என்னைத்தானே கேட்பாய். இன்னொரு பன்னிரண்டு நாளை என்னால் பார்க்க முடியாது. அதைச் சொல்ல ரோஷம் விடவில்லை. "பூக் கட்டிப் பாத்துருவோம்" என்று திருப்பரங்குன்றம் கூட்டிப் போனேன். வெள்ளை வந்தால் முகாமுக்குப் போகலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். பூவை வாங்கி இலையில் மடித்தவன் நான். கண்ணை மூடி எடுத்தவள் நீ.

சிவப்பு.

"முருகனே வேணாம்னுட்டாண்ணே" என்று நீ விட்ட பெருமூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. வழியில் நீயாகவே கேட்டு இரண்டு தட்டு இட்லி சாப்பிட்டாய். நான் பெரிய காரியம் சாதித்தவன் போல மீசையைத் தடவினேன்.

அடுத்த வருஷம் கை வைத்தாலே கட்டி தட்டுப்பட்டது. அதற்குள் அக்குள் வரை பரவியிருந்தது. நீ போய்ச் சேர்ந்த பிறகு டாக்டரைத் தனியாகப் பிடித்தேன். "அந்த முகாமுக்கு வந்துருந்தா பொழச்சிருக்குமா சார்?"

"சின்னதா இருக்கும்போதே தெரிஞ்சிருக்கலாம். தெரிஞ்சிருந்தா கண்டிப்பாப் பொழச்சிருப்பாங்களான்னா, தெரியாதுய்யா. சிலது அம்புட்டு வேகமா வளரும்."

என்னைத் திட்டியிருந்தால் அதோடு போயிருக்கும். அந்தத் 'தெரியாது' என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. நான் உட்கார்ந்தால் பக்கத்தில் உட்காருகிறது.

இன்று மலர் கேட்டாள். "போகவா மாமா, வேணாமா? அம்மாவுக்குப் பாத்த மாதிரி பூக் கட்டிப் பாப்பமா?"

"அந்தப் பேச்சே வேணாம்" என்று நர்ஸம்மாவிடம் கூட்டிப் போனேன். அந்தம்மா அவசரப்படவில்லை. "சீக்கிரம் கண்டுபிடிச்சுப் பொழைக்கிறவங்க இருக்காங்க. வீணாப் பயந்து ஊசி குத்திக்கிட்டவங்களும் இருக்காங்க. ஒரு கெடுதலும் பண்ணாமச் சும்மா கெடந்திருக்கக்கூடிய கட்டியை அறுத்து எடுத்துக்கிட்டவங்களும் உண்டு. யாருக்கு எதுன்னு முன்னாடியே சொல்ல முடியாது. உங்கம்மாவுக்கு இருந்ததால நீங்க கொஞ்சம் கூடுதலா யோசிக்கணும்."

"என்ன சிஸ்டர், ரெண்டு பக்கமும் பேசுறீங்க?"

"ரெண்டு பக்கமும் இருக்கேம்மா."

மலர் சேரில் உட்கார்ந்து சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மா பட்ட பாட்டைக் கூட இருந்து பாத்தவ நான். ஒருவேளை ஊசி குத்திப் பாக்கணும்னு கூப்பிட்டு விட்டாலும் தாங்கிக்குவேன் மாமா. ஆனா சாமியே வேணாம்னு சொல்லுச்சே, அதை மீறுறோமோன்னுதான்..."

இதற்கும் ஒரு கதை என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, தங்கச்சி. அதை முழுங்கிவிட்டு உள்ளதைச் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். உன் கண்ணே அதுதான். எழுந்து பச்சைத் துணிக்குள் போய்விட்டாள்.

உனக்கும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சாமி ஒன்றும் சொல்லவில்லை, தாயி. இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளிதான் வைத்தேன். வெள்ளைப் பூ நான் வாங்கவே இல்லை.