மூன்றாவது ஊசி

மார்ச் 3
பெற்றவள் நான். தலைவலி என்றாலும் மகள் ஓடுவது மாடிக்கு, என் ஓரகத்தியிடம்தான். இன்றும் பள்ளிப் படிவத்தை முதலில் சித்தியிடம் காட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். எச்.பி.வி. தடுப்பூசியாம். பிற்காலத்தில் கருப்பை வாயில் புற்றுநோய் வராமல் காக்குமாம்.

"சித்தி போட்டுக்கச் சொன்னாங்கம்மா. நீ கையெழுத்துப் போடு."

அப்படியானால் நான் எதற்கு? ரப்பர் ஸ்டாம்பா? படிவத்தைத் தையல் மிஷின் டிராயரில் போட்டு மூடினேன்.

மார்ச் 5
ஓரகத்தி வந்தாள். நர்ஸ் அல்லவா, பாடம் எடுத்தாள். "அக்கா, இருபதாம் தேதி அவளுக்குப் பதினஞ்சு. அதுக்குள்ள முதல் ஊசி போட்டா ரெண்டோட முடிஞ்சிடும்."

என் பெண்ணின் பிறந்தநாளை எனக்கே சொல்கிறாள்.

மார்ச் 9
மாடியில் இருவரும் சிரிக்கிறார்கள். பிள்ளை இல்லாதவள் என் பிள்ளையை வளைத்துப் போட்டுவிட்டாள் — சீ, என்ன எழுத்து இது. ஆனாலும் வயிறு எரிகிறது.

மார்ச் 12
இன்று பள்ளியில் ஊசி. படிவம் இல்லாததால் இவளுக்கு மட்டும் இல்லை. எங்கேயோ வைத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

"எங்க கிளினிக்குக்கு வாங்க அக்கா, நான் இருக்கேன்" என்றாள் ஓரகத்தி. அவள் இருப்பதுதானே என் பிரச்சினை? தைக்க வேண்டியது நிறைய இருக்கிறது என்றேன்.

மார்ச் 20
பிறந்தநாள். கேக்கின் முதல் துண்டு சித்திக்கு.

மார்ச் 24
மனசு கேட்காமல் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். பதினைந்து ஆகிவிட்டதால் மூன்று ஊசி என்றார் டாக்டர்.

"எல்லாருக்கும் ரெண்டுதானே, எனக்கு மட்டும் ஏன் மூணு?"

ஓரகத்திக்குத் தெரியும். போன வாரம் நூல்கண்டு தேடி என் டிராயரைத் திறந்தவள் அவள். "நான்தான் இன்னொரு தடவை ஞாபகப்படுத்தியிருக்கணும், கண்ணு" என்றாள், என்னைப் பார்க்காமல்.

அந்தப் பெருந்தன்மையின் மீதும் பொறாமைதான் வந்தது.

செப்டம்பர் 24
நேற்று மகளிடம் சொல்லிவிட்டேன். படிவம் தொலையவில்லை, நான்தான் ஒளித்தேன், சித்தி மேல் பொறாமை என்று. கதவைச் சாத்திக்கொண்டவள் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தாள்.

இன்று மூன்றாவது ஊசி. இடது கையைச் சித்தியிடம் நீட்டிவிட்டு வலது கையால் என் விரல்களைப் பிடித்தாள். "இது உன்னால வந்த ஊசி. நீதான் பிடிச்சுக்கணும்." நெரித்தே விட்டாள். வலித்தது, விரல்களை இழுத்துக்கொள்ளவில்லை.

ஓரகத்தி எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அதோடுதான் இத்தனை நாள் குடித்தனம் நடத்தினேன்.

சாயங்காலம் மகளிடம் நானே சொன்னேன்: "கை வலிக்குதுன்னியே, மாடிக்குப் போய்ச் சித்திகிட்ட காட்டிட்டு வா."