பெண்டாங் சூரியனுக்குக் கொஞ்சம் வெளிச்சம்

என்னைச் சிரிக்க வைத்தே கெடுத்த அண்ணனுக்கு,

நீ போன பிறகு நம் குடும்பத்தில் கிண்டல் செய்கிற வேலையை நான் ஒருத்தியே பார்க்கிறேன். அதை அச்சில் போடவும் ஒரு பத்திரிகை இருக்கிறது, பாவம். ஆனால் இந்த வாரம் ஒரு வரி எழுத வரவில்லை. பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன், அண்ணே. அதனால் என் வாரப் பத்தியில் உனக்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. உன் முதலாம் ஆண்டு நினைவு நாள் வருகிறது. பீடோங்கில் நினைவு அட்டை அடிக்கிற கடையில் செத்தவர்கள் எல்லாருக்கும் ஒரே அஸ்தமனம்தான். பனிமலை, ஏரி, பின்னால் சூரியன். முன்னால் ஆளை வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். கெடா மாநில எல்லையைத் தாண்டாத நம் பக்கத்து வீட்டு அக்கா, கைலியோடு பனியில் நின்று சிரிக்கிறார். அண்ணிக்கு அது பிடிக்கவில்லை. நீ எடுத்த படம் இருக்கும்போது எவன் ஊர்ச் சூரியனோ எதற்கு என்று கேட்டுவிட்டார்.

நீ பெண்டாங்கில், அந்த நெல்வயலில், எடுத்த படம். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் ஓரமாக அண்ணி காரை நிறுத்தினாரே, அன்றைக்கு எடுத்தது. இனிப்புநீர் நோய் உன் கண்ணில் பாதிக்கு மேல் தின்றிருந்த சமயம். படம் ஒரு பக்கம் சாய்ந்து, இருண்டு, சூரியன் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. அதை அழகாக்கித் தருகிறேன் என்று நானே வலியப் போய் வாங்கிக்கொண்டேன்.

கைப்பேசியிலேயே வேலையை ஆரம்பித்தேன். சாய்வை நிமிர்த்தினேன். வெளிச்சத்தை ஏற்றினேன். நிறத்தை ஏற்றினேன். போதவில்லை, இன்னும் ஏற்றினேன். சூரியனுக்குக் கீழே அழுக்குப் போல் ஒரு தீற்றல். உன் விரல் லென்சில் பட்டிருக்கும் என்று நினைத்துத் தேய்த்து அழித்தேன். இப்போதெல்லாம் அது அவ்வளவு சுலபம். பிடிக்காத சம்பந்தியைக்கூடக் கல்யாணப் படத்திலிருந்து தூக்கிவிடலாம். நம் வீட்டில் அப்படித் தூக்கப்பட்டது யார் என்று இங்கே சொல்ல மாட்டேன்.

பெருமையோடு சிடாம் கிரிக்குப் போய் அண்ணியிடம் காட்டினேன். அவர் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்தும் பார்த்தார்.

"என்னம்மா கமலா, வயல் தீப்பிடிச்ச மாதிரி இருக்கு?"

இது கலை, சமையலறையிலேயே இருப்பவர்களுக்குப் புரியாது என்றேன்.

"கலை கெடக்கட்டும் லா. கொக்கு எங்க?"

"எந்தக் கொக்கு?"

"அவரு எடுத்ததே அதத்தான். கொக்கு நிக்குதுன்னு நான் சொன்னேன். எந்தப் பக்கம்னு கேட்டாரு. கையப் புடிச்சுத் திருப்பி விட்டேன்."

நீ எடுத்த படத்தைத் தன் கைப்பேசியில் திறந்து நீட்டினார். தண்ணீர் தெரிந்தது, சூரியன் தெரிந்தது, அந்தத் தீற்றலும் இருந்தது. இது கழுத்து, இது கால் என்று அண்ணி விரல் வைத்துக் காட்டினார். உங்கள் ஊர்க் கொக்குக்கு வெட்கம் அதிகம் என்றேன். சொல்லிவிட்டு, அவர் தேத்தண்ணீர் கலக்கப் போன நேரத்தில் ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தேன். பிறகு மறு கண்ணை.

இடது கண்ணுக்கு ஏதோ தெரிந்தது. வலது கண்ணில் சூரியன் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. கண்ணை நகர்த்தினால் அதுவும் கூடவே நகர்ந்தது. மறுபடியும் பொத்திப் பார்த்தேன், அண்ணே.

அண்ணி கோப்பையோடு வாசற்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரும் இப்படித்தான். டிவிய வெளிச்சமா வையி, வெளிச்சமா வையின்னாரு. டிவிதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

இனிப்புநீருக்கு நீ சாப்பிட்ட அதே மாத்திரைகளைத்தான் நானும் சாப்பிடுகிறேன். உனக்கு எப்போது தெரிந்தது? நம் மாமா மகன் கல்யாணத்தில், மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு நிறுத்தியிருந்த மாப்பிள்ளையின் படத்துக்குக் கை நீட்டி வாழ்த்துச் சொன்னாயே. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் அதைப் பத்தியில்கூட எழுதினேன். அது வேடிக்கைக்குத்தானா? அன்றைக்கே பயந்துகொண்டுதான் இருந்தாயா? எங்கள் சிரிப்பைக் கேட்டபடி அந்தப் பயத்தோடு நின்றாயா?

படத்தை அண்ணியிடமே விட்டுவிட்டேன். அவர் சாய்வை மட்டும் நிமிர்த்தினார். இருட்டு அப்படியே இருக்கட்டும், அந்த நேரத்தில் வயல் அப்படித்தான் இருக்கும் என்றார். அட்டை கடைக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை காலையில் அண்ணி என்னைச் சுங்கைப்பட்டாணிக்கு, கண் டாக்டரிடம் காரில் கூட்டிப்போகிறார். சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள்ளே படம் எடுப்பார்களாம். உன்னுடையதை அண்ணி பார்த்திருக்கிறார். கறுப்புக்கு நடுவில் செம்மஞ்சள் வட்டம், அதில் அங்கங்கே இரத்தப் பொட்டுகள். பார்க்க அழகாகத்தான் இருந்ததாம், டாக்டர் வாயைத் திறக்கும்வரை. என்னுடையது எப்படி வருமோ? அந்தப் படத்தில் நான் எதையும் ஏற்றவோ அழிக்கவோ முடியாது.

போவேன், அண்ணே. பயந்துகொண்டேதான் போவேன். டாக்டரைச் சிரிக்க வைக்க மாட்டேன். சுவரில் எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொன்னால், தெரிகிற வரிவரைக்கும் படிப்பேன். தெரியாத இடத்தில் ஊகித்துச் சமாளிக்காமல், தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்வேன்.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
தங்கச்சி கமலா