தோல் கிருமி என்று எழுதச் சொன்னார்

1992 மார்ச் 11, புதன்

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து குளித்தும் மனம் அடங்கவில்லை.

வாரக்கணக்கில் காய்ச்சலோடு வார்டில் கிடந்த சரோஜினியின் இரத்தத்தில் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி வளர்ந்திருந்தது. கண்ணாடித் தகட்டில் பிளாஸ்மாவோடு கலந்ததும் திரிதிரியாகத் திரண்டது. ஆபத்தான ‘ஆரியஸ்’ அப்படித்தான் திரளும். ஆனால் குழாயில் வைத்த பிளாஸ்மா உறையவே இல்லை.

“குழாய் உறையல, அப்ப ஆரியஸ் இல்ல. ஊசி போடுறப்ப ஒட்டிக்கிட்ட தோல் கிருமி லா. அப்படியே எழுதிடு,” என்றார் லேபில் மூத்தவரான பாலன் அண்ணன்.

தோல் கிருமி என்றால் இரண்டு கைகளில் எடுத்த இரத்தத்திலும் ஏன் ஒரே மாதிரி வளர வேண்டும்? லக்டுனென்சிஸ் என்று இன்னோர் இனம் உண்டு. அது தகட்டில் திரளும், குழாயில் உறையாது, இதய வால்வை அரிக்கும். அதைக் காட்டிக்கொடுக்கும் ஆர்னித்தின் சோதனைக்கு நேற்றே போட்டேன். இன்று மஞ்சள் திரவம் ஊதாவாகியிருந்தது. அதேதான்.

“என் மேல நம்பிக்கை இல்லையா?”

“உங்க மேல இருக்கு அண்ணே. அந்தக் குழாய் மேலதான் இல்ல.”

வார்டு டாக்டருக்குப் போன் செய்தேன். “காய்ச்சல் இறங்கிடுச்சுன்னு இன்னைக்கு வீட்டுக்கு அனுப்ப இருந்தேன்,” என்றார். பிறகு அவரே கூப்பிட்டார்: “நிறுத்திட்டேன். இதயத்துல புதுசா ஒரு சத்தம் கேக்குது.”

பாலன் அண்ணன் குளிர்பெட்டியைத் திறந்து, தோல் கிருமி என்று எழுதிவிட்ட போன வாரத் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.