லேத் சூடாக இருந்தது

மார்ச் 3

அக்கா,

இன்று கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "மேடையில் இடது பக்கம் மூன்றாவதாக உட்கார்ந்திருக்கும் கணக்கெடுப்பு அதிகாரி என் கூடப்பிறந்தவள். எங்கள் தெருவைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை."

மைக் என் கைக்கு வந்தது. வெல்டிங் மாமா பின்னாலிருந்து, "லைப்ரரியில வேலை பாக்குற, நாலு எழுத்து படிச்சவ, நீ பேசும்மா!" என்று தள்ளினார். நீ தலையைக் குனிந்து தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாய். நான் மைக்கைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டேன். உன் மானத்தைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன். உன் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை.

உங்கள் திட்ட அறிக்கையை நூலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் வேலை என்னுடையது. அட்டையில் பச்சை எழுத்தில் 'அனைவருக்குமான வளர்ச்சி'. எண்பத்தேழாம் பக்கத்தில் நம் தெரு. முப்பத்திரண்டு பட்டறைகள், அத்தனைக்கும் நேராக 'செயல்படவில்லை'. தெருவை இடித்துவிட்டுக் கட்டப்போகும் புதுக் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஓடுகிற பட்டறைக்கு இடம் உண்டு, ஓடாததற்கு ஒன்றும் கிடையாது. பதினான்காம் எண், நம் அப்பாவின் லேத் பட்டறை, அதற்கும் அதே சொல். கீழே உன் கையெழுத்து.

யாராவது பேடும் பேனாவுமாக உள்ளே நுழைந்தால் நம் தெரு என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? முனைக் கடைக்காரர் விசிலடிப்பார். மெயின் சுவிட்ச் அணையும், ஷட்டர்கள் விழும், ஆட்கள் பின்பக்கமாகப் போய்விடுவார்கள். தட்டினால் ஷட்டரைப் பாதி தூக்கி, "ஓட்டுறதே இல்லைங்க" என்பார்கள். அபராதம் போடுகிறவர்களைத் தவிர வேறு யாரும் பேடோடு இங்கே வந்ததில்லை. முப்பது வருஷப் பழக்கம். பத்து வயதில் அந்த ஷட்டர் கொக்கியில் தொங்கி இழுத்தவள் நீதானே?

அதே தெருவுக்கு நீ பேடோடு வந்தாய். ஷட்டர்கள் விழுந்தன. எழுதிக்கொண்டு போய்விட்டாய்.

போனை எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் என் கோபம் இளகிவிடும். ஏதாவது சொல்ல இருந்தால் எழுது.

உன் தங்கை


மார்ச் 8

என் ஊமைக்கோட்டானுக்கு,

வீட்டில் நாள் முழுக்க நாலு வார்த்தை பேசாதவள், கோபம் வந்தால் மட்டும் எப்படியடி இப்படி எழுதுகிறாய்? அப்பாவின் கண் சொட்டு மருந்து தீர்ந்திருக்கும். வாங்கினாயா?

உன் கேள்விக்கு வருகிறேன். நான் கணக்கெடுத்தது பதினொரு தெருக்கள். மற்ற பத்துத் தெருவில் யாருடைய மகளும் இந்த ஆபீசில் இல்லை. என் தெருவுக்கு மட்டும் 'நான் வருகிறேன், திறந்து வையுங்கள்' என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதற்குப் பெயர் என்ன? படிவத்தில் கேட்டது ஒன்றுதான்: பார்வையிட்ட நேரத்தில் இயந்திரம் ஓடியதா? ஓடவில்லை. கண்ணால் கண்டதை எழுதினேன்.

அந்த இடத்தில் நாலாயிரம் பேருக்கு வேலை வரப்போகிறது. நம் தெரு எண்ணெய்ச் சேற்றில் ஊறிக்கிடக்கிறது. எத்தனை காலத்துக்கு அதையே கட்டிக்கொண்டு கிடப்பது? தப்பாக எழுதினேன் என்று இப்போது நான் சொன்னால் என்னைச் சஸ்பெண்ட் செய்வார்கள். அதையும் கொஞ்சம் யோசி.

கோபித்துக்கொள். ஆனால் போனை எடு.

அக்கா


மார்ச் 12

அக்கா,

சொட்டு மருந்து வாங்கியாயிற்று. அதைப் போட்டுவிடும்போதுதான் அப்பா சொன்னார். கண்ணை மூடியிருந்ததால் சொல்ல முடிந்ததோ என்னவோ.

"அவ உள்ள வந்தா. கூட ரெண்டு பேரு இருந்தாங்க. அதனால நானும் 'ஓட்டுறதில்லைங்க மேடம்'னு சொன்னேன். அவ லேத்து தலைப்பக்கம் கை வெச்சா. அப்பத்தான் நிறுத்தினது, சூடா இருந்துது. சட்டுனு எடுத்துட்டா. என்னப் பாத்தா. நான் தரையப் பாத்தேன்."

கண்ணால் கண்டதை எழுதினாயா? கையால் தொட்டதை எந்தக் கட்டத்தில் எழுதினாய்? பெற்றவர் உன்னை மேடம் என்று கூப்பிட்டதை எங்கே எழுதினாய்?

மற்ற பத்துத் தெருவிலும் இப்படித்தான் ஷட்டர்கள் விழுந்திருக்கும். அது உனக்குத் தெரியும். நியாயமாக இருக்க வேண்டுமென்றால் பதினொரு தெருவுக்கும் சொல்லியிருக்கலாம். நீ பதினொன்றுக்கும் சொல்லாமல் இருந்துவிட்டு அதற்கு நியாயம் என்று பெயர் வைக்கிறாய்.

நாலாயிரம் வேலையையும் படித்தேன். தொண்ணூற்று இரண்டாம் பக்கம். காவல், துப்புரவு, வாகன நிறுத்தம். அப்பா தலைமுடி அளவு வித்தியாசத்தை விரல் நுனியில் கண்டுபிடிக்கிறவர். அவர் கையில் விசிலைக் கொடுத்துக் காருக்கு வழிகாட்ட நிறுத்துவதுதான் உங்கள் ஊரில் வளர்ச்சியா?

தெருக்காரர்கள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இருபத்தைந்தாம் தேதி, புதன்கிழமை, மறு கணக்கெடுப்பு. நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பதினான்காம் எண்ணில் லேத் சூடாக இருந்தது என்று எழுதிக் கொடு. அப்பா என்னிடம், "அவள விட்டுடு. வேலை போச்சுன்னா அவ என்ன பண்ணுவா?" என்கிறார். நான் விடுவதாக இல்லை.

நீ எழுதிக் கொடுக்கும்வரை உனக்குத் தங்கை கிடையாது.


மார்ச் 23

என் தங்கைக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினொரு தெருக்களுக்கும். ஷட்டர் விழும் பழக்கம் எனக்குச் சிறுவயது முதல் தெரியும் என்று எழுதினேன். லேத் சூடாக இருந்தது என்றும் எழுதினேன். இன்று காலை சஸ்பெண்ட் உத்தரவு வந்தது.

அப்பா பட்டறை விஷயத்தில் மகள் வார்த்தை செல்லாதாம். புதன்கிழமை அங்கே ஓடினால்தான் கணக்கு. எனக்கு அப்பாவை நினைத்துத்தான் பயம். என்னைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு ஷட்டரை இழுத்துவிடுவார். இனிக் காப்பாற்ற ஒன்றுமில்லை என்று அவரிடம் சொல். தெருப்பக்கம் வரக்கூடாது என்று எனக்கு உத்தரவு. வெல்டிங் மாமாவுக்குப் போன் செய்தேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். உனக்கு ஆறு தடவை அடித்துவிட்டேன். எடுடி. எடுக்காவிட்டாலும் இது நாளைக்குள் வந்து சேர வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

உன் கடிதம் இருபத்தாறாம் தேதி, வியாழக்கிழமை வந்தது.

புதன்கிழமை முனைக் கடைக்காரர் விசிலடிக்கவில்லை. முப்பத்தொரு ஷட்டர்கள் திறந்திருந்தன. வெல்டிங் மாமா வேலையே இல்லாமல் பழைய கம்பிகளைப் பற்றவைத்துப் பொறி பறக்கவிட்டார். "வரட்டும், பாத்துட்டுப் போகட்டும், கண்ணு கூசட்டும்!" என்று கத்தினார். பதினான்காம் எண் மட்டும் மூடியிருந்தது. அப்பா வாசலில் கவிழ்த்த டிரம் மேல் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, ஷட்டரத் தூக்குங்க. வந்துட்டாங்க."

"நான் ஓட்டினா அவ எழுதினது பொய்யாயிடும்."

"மத்த முப்பத்தொண்ணும் ஓடுதேப்பா!"

"அதெல்லாம் தெரியாம எழுதிட்டேன்னு அவ சொல்லிக்கலாம். சொந்த அப்பன் லேத்தும் தெரியலன்னா யாரு நம்புவா?"

நான் ஷட்டரில் கை வைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பலம் அவருக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. புது அதிகாரி வந்து பாதி ஷட்டரைத் தூக்கச் சொன்னார். உன் வாக்குமூலத்தைப் படித்திருப்பார் போலிருக்கிறது. நேராகப் போய் லேத்தின் தலைப்பக்கம் கை வைத்தார். சில்லென்று இருந்திருக்கும். அப்பா காலையிலிருந்து அதைத் தொடவே இல்லை.

"ஓட்டுறதில்லைங்க" என்றார் அப்பா.

மறுநாள் உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரியை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார். "ஆமா, சூடாத்தான் இருந்துது" என்றார். பிறகு எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.

இரண்டு வாரமாக உனக்கு எழுத முடியவில்லை. கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. உன்மேல் அப்படியே இருக்கிறது. அப்பாமேலும் இருக்கிறது. ஓடியதா என்று மட்டும் கேட்டு, ஏன் ஓடவில்லை என்று கேட்க ஒரு வரி இடம் வைக்காத அந்தப் படிவத்தின்மேல் இருக்கிறது. நீ ஆறு தடவை அடித்தபோது நான் போனைக் கையில்தான் வைத்திருந்தேன். ஆறு தடவையும் உன் பெயரைப் பார்த்தேன். ஆறாவது தடவை கவிழ்த்து வைத்தேன்.

இன்று பட்டியல் ஒட்டினார்கள். நம் தெருவில் முப்பத்தொரு பட்டறைகளுக்குத் தரைத்தளத்தில் இடம் கிடைத்திருக்கிறது. பதினான்காம் எண்ணுக்குக் கிடைக்கவில்லை.

தங்கை