இந்தக் குடும்பத்தில் எத்தனை பேர்

மதிப்பும் அன்பும் உள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக இல்லாததையும் விடமாட்டேன். அக்காவும் நானும் நன்றாக இருக்கிறோம். போன வாரம் எனக்கு இரண்டு நாள் சளி இருந்தது, அதுவும் போய்விட்டது. நீங்களும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கவேண்டும்.

இந்த உறையில் நீங்கள் கையெழுத்துப் போடவேண்டிய தாள் ஒன்று இருக்கிறது. பேனாவால் போட்ட அசல் கையெழுத்துதான் வேண்டும் என்று விசா அலுவலகம் கேட்டிருப்பதால் தபாலில் அனுப்புகிறோம். எந்த இடத்தில் என்ன எழுதவேண்டும் என்று அத்தானுக்கு விவரமாக ஒரு கடிதம் வை என்று அக்கா சொன்னாள். நான் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று அவள் நினைக்கிறாள். அதையும் எழுதுவேன். அதற்கு முன்னால் வேறொன்று சொல்லவேண்டும்.

உங்கள் விசா ஃபைல் நின்றுபோனதற்குக் காரணம் அக்கா இல்லை. நான்.

இந்த வீட்டில் படிவங்களை நிரப்புவது என் வேலை என்று உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்புகளைச் சூடாக இருக்கும்போதே மடித்துவிட்டு வருகிற அக்காவுக்கு, பேனா பிடித்தால் விரல் வழுக்குகிறது. "நீ படிச்சு நிரப்பி வை, நான் கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியிலேயே தூங்கிவிடுவாள். ஸ்பான்சர் படிவத்தோடு பதினெட்டுப் பக்கத்தில் ஒரு விளக்கப் புத்தகம் வந்தது. நான் அதை இரண்டு முறை படித்தேன். வெளிநாட்டிலிருந்து வரப்போகும் துணையைத் தன் வருமானத்தில் காப்பாற்ற முடியும் என்று அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுப்பவர்தான் ஸ்பான்சர். முடியுமா முடியாதா என்பதை அவர்கள் பிரியத்தை வைத்துப் பார்ப்பதில்லை. மூன்று வருட வரிக் கணக்கை வைத்துப் பார்க்கிறார்கள்.

பன்னிரண்டாம் பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. குடும்பத்தில் இரண்டு பேர் என்றால் இவ்வளவு வருமானம், மூன்று பேர் என்றால் இவ்வளவு, நான்கு என்றால் இவ்வளவு. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். அக்காவின் சம்பளம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றது. அக்காவும் நீங்களும் மட்டும் என்றால் தாராளமாகப் போதும். மூன்று பேர் என்றால் ஒன்றரை மாதச் சம்பளம் குறைகிறது. அந்த மூன்றாவது ஆள் நான்தான்.

முதலில் பென்சிலால் மூன்று என்றுதான் எழுதினேன். அழித்துவிட்டு, பேனாவால் இரண்டு என்று எழுதினேன். எனக்கு அப்போது நல்ல நல்ல காரணங்கள் தோன்றின. நான் கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறேன். அக்காவின் பழைய சட்டைகளைத்தான் போடுகிறேன். புத்தகமெல்லாம் நூலகத்திலிருந்து சும்மா வருகிறது. பொய் சொன்ன மாதிரியே இல்லை, கணக்கில் வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதிய மாதிரி இருந்தது. அக்கா படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள். என்னை அவ்வளவு நம்புகிறாள்.

அம்மா அப்பா இல்லாமல் போனதிலிருந்து, அக்கா தன் வரிக் கணக்கில் என்னைத் தன்னைச் சார்ந்தவள் என்று வருடாவருடம் காட்டிவருகிறாள். அது எனக்குத் தெரியும். அந்த நகலை நானேதான் படிவத்தோடு சேர்த்துப் பின் அடித்தேன். இரண்டையும் ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. வகுப்பில் முதலாவதாக வருகிறவளுக்கு இது தோன்றவில்லை என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

நான்கு மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வரிக் கணக்கில் ஒரு சிறுமி இருக்கிறாள், ஸ்பான்சர் படிவத்தில் அவளைக் காணவில்லை, அறுபது நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் ஃபைலை மூடிவிடுவோம் என்று இருந்தது. அன்றைக்குத்தான் அக்கா உங்களுக்கு போன் செய்து "நான்தாங்க கவனக்குறைவா தப்பா எழுதிட்டேன்" என்றாள். நான் அடுக்களையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அக்கா மட்டும் "அப்படிச் சொல்லாதீங்க" என்று மூன்று தடவை சொன்னாள். போனை வைத்த பிறகு நான் கேட்டதற்கு, "அவரு வரணும்னு எனக்கு எண்ணமே இல்லைன்னு நினைக்கிறாரு" என்று மட்டும் சொன்னாள்.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவரு இன்னும் உன் முகத்தை நேர்ல பார்த்ததே இல்லடி. வீட்டுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடியே உன்மேல ஒரு கோவத்தோட வரவேண்டாம்" என்றாள். உங்கள் ஊரில் நடந்த கல்யாணத்துக்கு வர இரண்டு பேருக்கு டிக்கெட் எடுக்க முடியாததால், அந்த இருபது நாளும் நான் பெரியம்மா வீட்டில் இருந்தேன் அல்லவா? அதைச் சொல்கிறாள்.

அந்த போனுக்குப் பிறகு நீங்கள் தினமும் கூப்பிடுவது நின்றது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று ஆனது. மற்ற நாளில் "சாப்டியா" என்று ஒரு மெசேஜ் வருகிறது. அக்கா "சாப்டேன்" என்று பதில் போடுகிறாள். சில நாள் சாப்பிடாமலே போடுகிறாள். நடந்ததை நடந்தபடி எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

பிறகு ஜெராக்ஸ் மாமாவிடம் போனோம். மூலையில் நகல் கடை வைத்திருப்பவர், அக்காவின் வரிக் கணக்கைத் தாக்கல் செய்துகொடுப்பவரும் அவர்தான். அலுவலகக் கடிதத்தை மூக்குக்கு நேரே பிடித்துப் படித்துவிட்டு, "இதுக்கு ஏம்மா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? சின்னதை உன் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிடு. அவங்க கணக்குல ஏத்திக்கட்டும். நீங்க ரெண்டே பேர். வேலை முடிஞ்சுது" என்றார். என் எதிரிலேயேதான் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு எப்போதும் போல ஒரு மிட்டாயும் கொடுத்தார். அக்கா நகலுக்கு உண்டான காசைக் கொடுத்துவிட்டு என்னை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

எனக்கு அது சரியான யோசனையாகத்தான் பட்டது. மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் பையில் துணியை வைத்தேன், பாடப் புத்தகங்களை அடியில் வைத்தேன். அக்கா வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். வாசலில் நின்று பையைப் பார்த்து, "மகாராணி எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள். சொன்னேன். திட்டவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாக வெளியே எடுத்து, எல்லாவற்றையும் தப்பான வரிசையில் அலமாரியில் அடுக்கினாள். "உன்னை வெளிய அனுப்பிட்டுத்தான் அவரு உள்ள வரணும்னா, அப்படி ஒரு விசாவை வச்சு நான் என்னடி பண்ணப்போறேன்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இது தெரிஞ்சா அவரும் இதையேதான் சொல்வாரு" என்றாள். அதற்கும் பிறகு, "சொல்வாரு" என்று இன்னொரு தடவை, மெதுவாகச் சொன்னாள்.

இனி நல்ல செய்தி. வருமானம் குறைந்தால் இன்னொருவர் கூடச் சேர்ந்து கையெழுத்துப் போடலாம் என்று விளக்கப் புத்தகத்தின் பதினைந்தாம் பக்கத்தில் இருக்கிறது. நான் அதைக் காட்டியதும் அக்கா, "யாருடி நமக்காகப் போடுவாங்க" என்றாள். பிறகு மூன்று நாள் யோசித்து, சலவைக்கூடத்தின் தலைமை மேற்பார்வையாளரிடம் கேட்டாள். அவரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் கஞ்சி மேடம் என்பார்கள், எப்போதும் கஞ்சி போட்ட துணி மாதிரி விறைப்பாக இருப்பதால். அவர் சாப்பாட்டு இடைவேளை முழுவதும் சாப்பிடாமல் எல்லாத் தாளையும் படித்தார். "இங்க வந்து அவருக்கு வருமானம் இல்லாம, அரசாங்கம் காப்பாத்த வேண்டி வந்தா, என்கிட்டதானே வசூல் பண்ணுவாங்க?" என்று கேட்டார். அக்கா "ஆமாம் மேடம், உங்ககிட்டயும்தான்" என்றாள். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்ன வேலை தெரியும் அவருக்கு என்று கேட்டார். லிஃப்ட் மெக்கானிக் என்று அக்கா சொன்னாள். "மாடி இருக்கற ஊர்ல எல்லாம் பொழைச்சுக்குவாரு. நம்ம சரக்கு லிஃப்ட் ரெண்டு மாசமா படுத்துக் கிடக்கு, வந்ததும் அதை வந்து பார்க்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் தன்னுடைய மூன்று வருட வரிக் கணக்கு நகல்களையும் ஒரு மடிப்புக்கூட இல்லாமல் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். "விரிப்பு நனையுது, தள்ளி நின்னு அழு" என்றார் மேடம்.

விளக்கக் கடிதத்தையும் எழுதிவிட்டோம். படிவத்தை நிரப்பிய நான் என் பெயரை வேண்டுமென்றே விட்டேன் என்று எழுதலாம் என்றேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "கையெழுத்துப் போட்டவள் நான், தப்பு என்னுடையதுதான்" என்று தன் பெயரிலேயே எழுதவைத்தாள். அதனால்தான் உங்களுக்காவது உண்மை தெரியவேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

இப்போது உங்கள் தாள். நீங்கள் வந்து சேரப்போகும் வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று நீங்களே எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். முதல் வரிசையில் உங்கள் பெயர், இரண்டாவதில் அக்காவின் பெயர், இரண்டையும் பென்சிலால் எழுதியிருக்கிறேன், மேலேயே பேனாவால் எழுதுங்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் புள்ளி வைத்திருக்கிறேன். மூன்றாவது வரிசையையும், அதன் கீழே மொத்தம் எத்தனை பேர் என்ற கட்டத்தையும் நான் தொடவில்லை. பென்சிலால்கூட எழுதவில்லை. ஒரு தடவை அந்த எண்ணை நானாக எழுதி எல்லாரையும் கஷ்டப்படுத்திவிட்டேன்.

உங்களுக்கு இரண்டுதான் சரி என்று பட்டால் அப்படியே எழுதி அனுப்புங்கள். அக்காவிடம் நான் பேசிக்கொள்வேன். பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்திலும் பள்ளிக்கூடம் இருக்கிறது, ஒன்பதாம் வகுப்பில் இடமும் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். மூன்று என்று எழுதினால், நான் கூடத்தில் படுத்துக்கொள்வேன், காலையில் குளியலறையை உங்களுக்கு முன்பே காலி செய்துவிடுவேன், படிக்கும்போது சத்தம் போடமாட்டேன்.

அலுவலகம் கொடுத்த அறுபது நாளில் இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. தபால் வந்து சேர ஏழு நாள், திரும்பி வர ஏழு நாள். நடுவில் உங்களுக்கு ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் தாளை எப்போது வேண்டுமானாலும் நிரப்புங்கள். ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும், ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல், அக்காவைக் கூப்பிட்டுப் பேசுங்கள் அத்தான். என்மேல் கோபம் இருந்தால் அது எனக்கு. அவளுக்கு வேண்டாம்.

நீங்கள் பத்திரமாக வந்துசேர வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,
உங்கள் மைத்துனி

பின்குறிப்பு: அக்காவின் ஷிஃப்ட் முடியும்வரை சலவைக்கூடத்தில், துணி மடிக்கும் மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். எழுதியதைத் திரும்பப் படித்துப் பிழை திருத்தலாம் என்று இருந்தேன். அதற்குள் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கிவிட்டார்கள்.